சுவருக்கு அப்புறம்

ரங்காத்தாளின் லைன் வீடுகளில் ஏழாம் நம்பர் வீட்டுச் சமையல்கட்டுச் சுவரில் மிளகளவு ஓர் ஓட்டை விழுந்ததும், அதன் வழியாக வறுத்த கடலை வாசம் வந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு. அந்தச் சுவருக்குப் பின்னால் வீடும் கிடையாது, கடலை வறுக்க அடுப்பும் கிடையாது; ஆமணக்குச் செடியும், பனியன் கம்பெனிகள் கொட்டிவிட்டுப் போன வெட்டுத்துணியும், அதன்மேல் படுத்துக்கிடக்கும் ஒரு நாயும்தான் உண்டு. நாகஜோதிக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அவள் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள், ஓட்டை விழுந்த பீஸைக் கண்டால் பக்கத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாகப் போடுகிறவள்; பழக்க தோஷத்தில் சுவரிலும் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது ஓட்டை ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஆகியிருந்தது. அவள் அம்மா இருளாயி அதன் முன்னால் அரிசி மூட்டையைச் சாத்தி, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

சுவர் ஏன் அப்படிச் செய்தது என்று கேட்கிறவர்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம். அது யாருக்கும் தெரியாது. எட்டு வீட்டுக்கு ஒரே குழாய், அதில் தண்ணீர் வருவதே ஒரு மணி நேரம். அதை விட்டுவிட்டுச் சுவரை ஆராய்ச்சி பண்ண அங்கே யாருக்கும் ஒழியவில்லை.

இருளாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அருப்புக்கோட்டைப் பக்கத்து வறண்ட ஊர் ஒன்றிலிருந்து புருஷன் சோலைராசு, ஆறு வயசு மகள், ஒரு தகரப்பெட்டி இவற்றோடு திருப்பூருக்கு வந்து இறங்கியவள். வீடு கொடுத்த ரங்காத்தாள்தான் அவளுக்கு வழியும் சொன்னாள். ரங்காத்தாள் பஞ்சு மில்லில் கூலிக்குப் பஞ்சு பொறுக்கிய கை. அந்தக் கையாலேயே எட்டு வீடு கட்டி வாடகைக்கு விட்டவள். தெரியாத ஆளிடம் சீட்டுப் போடாதே என்றாள், தபால் ஆபீஸில் போடு என்றாள், நகை வாங்காதே இடம் வாங்கு, அதிலும் பட்டா பார்த்து வாங்கு என்றாள். எல்லாம் சரியான யோசனை, இதில் கேலிக்கு ஒன்றும் இல்லை. கடைசியாக ஒன்று சொன்னாள், அதைத்தான் இருளாயி இறுக்கப் பிடித்துக்கொண்டாள்.

"எதையும் வேண்டாம்னு சொல்லாத கண்ணு. வேண்டாம்னா மனசு அழுவும். அப்புறம்னு சொல்லிப் பழகு. அழுவாம அது பாட்டுக்கு இருந்துக்கும்."

அன்றிலிருந்து இருளாயி அப்புறம் என்றாள். கம்பெனியில் பதினோரு மணிக்கு எல்லாரும் டீயும் பன்னும் வாங்கும்போது பன் அப்புறம் என்றாள், கோயில் வாசலில் வறுத்த கடலை அப்புறம், பொருட்காட்சி ராட்டினம் அப்புறம், மகள் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்த யானை போட்ட மஞ்சள் ஃபிராக் அப்புறம், பக்கவாட்டில் குட்டிச் சக்கரம் வைத்த சைக்கிள் அப்புறம், தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போவது அப்புறம், ஃபேன் அப்புறம், மகள் பத்தாவதில் நானூற்றுப் பன்னிரண்டு வாங்கி வந்து நின்றபோது, ரெண்டு வருசம் கம்பெனிக்குப் போ, படிப்பு அப்புறம் என்றாள். யாரும் அழவில்லை. ரங்காத்தாள் சொன்னது அப்படியே பலித்தது. பெருமாநல்லூர்ப் பக்கம் ரெண்டு சென்ட் இடம் பேசி முடிக்கிற அளவுக்குக் கையில் சேர்ந்தும்விட்டது.

சோலைராசு மட்டும் இல்லை. அவர் அயர்ன் மாஸ்டர், நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நெஞ்சைத் தடவிக்கொண்டே, ஒரு எட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வந்துரலாமா, நீயும் கூட வா, எனக்கு அங்க சீட்டெல்லாம் எழுதத் தெரியாது என்று கேட்டார். ரெண்டு பேருக்கும் அரைநாள் சம்பளம் போகும். சனிக்கிழமை சம்பளம் போடட்டும், அப்புறம் போவோம் என்றாள் இருளாயி. அவரும் சரி என்று தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார். வெள்ளிக்கிழமை பதினோரு மணி டீக்கு அயர்ன் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த டீ ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சுவருக்குத் திரும்புவோம். அன்றைக்கே எட்டு வீட்டிலும் ஓட்டை விழுந்திருந்தது. ஆனால் எட்டு வீட்டுக்கும் ஒரே அந்தப் பக்கம் இல்லை. ரங்காத்தாள் வாடகைக்காரர்கள் கூப்பிட்டதும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, ஒவ்வொரு வீடாகக் குனிந்து பார்த்து, ஏழாம் நம்பரில் நின்று, கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இதெல்லாம் நாம அப்புறம் அப்புறம்னு சொன்னதுங்க அம்மிணி. அப்புறம்னா அந்தப் பக்கம்னுதான அர்த்தம். சொன்ன பக்கமே போயிச் சேந்திருக்குது."

அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. பத்து நாளில் எல்லாருக்கும் பழகிவிட்டது. இரண்டாம் நம்பர்க்காரர்கள் அந்தப் பக்கத்து ஃபேனைக் கழற்றி வந்து இந்தப் பக்கம் மாட்டினார்கள், நன்றாகத்தான் ஓடியது. ஐந்தாம் நம்பரில் அந்தப் பக்கம் எட்டு வருஷத்து விருந்து பரிமாறிக் கிடந்ததால் ஓட்டை இருந்த நாள் வரைக்கும் அடுப்பே பற்ற வைக்கவில்லை. கல்யாணமான புதிதில் பிள்ளை அப்புறம் பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்த ஒன்றாம் நம்பர்ப் பெண், குனிந்து ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து ஓட்டையின்மேல் பெரிய காலண்டரை மாட்டினாள், அதற்குப் பிறகு அந்த வீட்டில் தேதி கிழிக்கவில்லை. நாலாம் நம்பர் மாயக்கண்ணன் வாரச் சம்பளத்தை வாரத்திலேயே குடித்துத் தீர்க்கிறவன், வாழ்க்கையில் எதையும் தள்ளிப் போடாதவன். அவன் ஓட்டையில் ஆமணக்குச் செடியும் அந்த நாயும் மட்டும் தெரிந்தன. நான் எதையும் மிச்சம் வைக்கலடா என்று முதல் வாரம் பீற்றிக்கொண்டு திரிந்தான். அடுத்த வாரம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வந்து நின்று, உங்க பக்கம் கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போகட்டுமா என்று கேட்டான்.

ரங்காத்தாளின் சொந்த வீட்டுச் சுவரும் திறந்திருந்தது; அவளுக்கு அந்தப் பக்கம் தரையிலிருந்து வானம் வரைக்கும் அடுக்கி இருந்தது. அவள் ஒன்றையும் தொடவில்லை. இருபத்தாறு வயசில் தேர்த் திருவிழாக் கடையில் பார்த்துவிட்டுத் தள்ளிப் போட்ட ஒரே ஒரு கை முறுக்கை மட்டும் எடுத்து வந்தாள். அது அன்றைக்குச் சுட்ட மொறுமொறுப்பு மாறாமல் இருந்தது. அவளுக்குப் பல் இல்லை. உரலில் போட்டு இடித்து, மாவாக வாயில் போட்டு, யாரையும் பார்க்காமல் மென்றாள்.

அதுதான் அந்தப் பக்கத்தின் சட்டம். எது என்றைக்குத் தள்ளிப் போடப்பட்டதோ அது அன்றைக்கு இருந்த அளவிலேயே இருந்தது. யானை ஃபிராக் நாகஜோதிக்குத் தலையிலேயே சிக்கிக்கொண்டது. சைக்கிளில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடித்தது. தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். இன்னொன்றும் உண்டு. சுவர் திறந்த நாளிலிருந்து, இந்தப் பக்கம் யார் அந்த வார்த்தையைச் சொன்னாலும், அந்தப் பக்கம் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து இறக்கி வைக்கிற மாதிரி தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. ஜனங்கள் வாயை அடக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. ஒரு நாளைக்கு அந்த வார்த்தை எத்தனை தடவை வருகிறது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. காலையிலிருந்து லைன் வீடு முழுக்க மூட்டை இறக்குகிற சத்தம்.

இருளாயி மட்டும் போய்ப் பார்க்கவில்லை. அரிசி மூட்டையை நகர்த்தவே விடமாட்டேன் என்றாள். ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவள் குழாயடிக்குப் போன நேரத்தில் நாகஜோதி மூட்டையைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போனாள். பன்கள் அடுக்கியிருந்த மேசையைத் தாண்டி, ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ராட்டினத்தைத் தாண்டிப் போனால், இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் பதினொன்றாம் வகுப்பு யூனிபார்மில் பெஞ்சில் உட்கார்ந்து குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நாகஜோதிக்கு அது யார் என்று தெரிந்தது. நிற்காமல் வேகமாகக் கடந்துபோனாள். அதற்கு அந்தப் பக்கம் ஒரு நீளத் தாழ்வாரம், பினாயில் வாசம், மர பெஞ்ச். பெஞ்சில் அவள் அப்பா சோலைராசு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னோர் ஆளுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்.

"வாத்தா. அம்மா வரலையா?"

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அயர்ன் சூட்டில் சிவந்த அதே கண், அதே கட்டம் போட்ட சட்டை. சனிக்கிழமை சம்பளம் போட்டாச்சா என்று கேட்டார். நாகஜோதி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்து, எழுந்து வீட்டுக்கு வா என்றாள். அவர் கையிலிருந்த சீட்டைக் காட்டினார். நம்பர் நாற்பத்து மூன்று. உள்ளேயிருந்து ஒரு குரல் நாற்பத்து ரெண்டு என்றது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நாற்பத்து ரெண்டு என்றது.

"எவ்வளவு நாளா இப்படி உக்காந்திருக்கப்பா?"

"அவ என்ன வேண்டாம்னா சொன்னா? அப்புறம்னுதானத்தா சொன்னா."

நாகஜோதி வெளியே வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் அப்படியே கொட்டினாள். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த இருளாயி கேட்டு முடித்து முகத்தைத் துடைத்தாள். பிறகு, வியாழக்கிழமை பத்திரம் பதியணும், அது முடியட்டும், அப்புறம் போய்ப் பாக்குறேன் என்றாள். அந்தப் பக்கம் விழுந்த சத்தத்தில் அலமாரித் தட்டுகள் ஆடின.

"அந்த வார்த்தைய இனிமே இந்த வீட்டுக்குள்ள சொன்ன," என்றாள் நாகஜோதி, "அரிசி மூட்டையத் தூக்கித் தெருவுல வீசிருவேன். சொல்லிட்டேன்."

அவளுக்குப் பொறுமை கிடையாது, அது ஊருக்கே தெரியும். ஆனால் இந்தத் தடவை பொறுமைக்கு நேரமும் இல்லை. சுவருக்குப் பின்னாலிருந்த காலி இடத்தை யாரோ குடோன் கட்ட வாங்கிவிட்டார்கள், திங்கட்கிழமை லைன் வீட்டுச் சுவரை ஒட்டியே ஒரு முழுச் சுவர் எழுப்பப் போகிறார்கள் என்று ரங்காத்தாள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எடுக்கிறதை எடுத்துக்குங்க சாமி, திங்கக்கிழமைக்கு மேல அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்காது என்றாள். மற்ற வீடுகளில் ஃபேனையும் பாத்திரத்தையும் எடுத்தார்கள். பெஞ்சில் துண்டு போட்டு இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிற ஆளை எப்படி எடுக்கிறது? நாகஜோதி தினமும் வேலை முடிந்து போய்க் கூப்பிட்டாள். அவர் தினமும் நாற்பத்து மூன்றைக் காட்டினார். சுவர் வந்தபிறகும் அவர் உள்ளே அப்படியே உட்கார்ந்திருப்பார், யார் வருவார் என்று தாழ்வாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், அது முடியவே முடியாது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

வியாழக்கிழமை அம்மாவும் மகளும் பத்திரம் பதியப் போனார்கள். பத்திரம் எழுதுகிறவர் நல்ல மனுஷர், மெதுவாகப் பேசுகிறவர். பெயர், ஊர், கதவு எண் எல்லாம் கேட்டுவிட்டு, கணவர் பெயர் சோலைராசு என்று எழுதியவர் பேனாவை நிறுத்தி, கணவர் லேட்டுங்களாம்மா என்று கேட்டார். செத்தவர்களைக் காகிதத்தில் அப்படித்தான் எழுதுவது வழக்கம், அவர் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. இருளாயி அவரையே பார்த்தாள்.

"அவரு நேரத்துக்குத்தாங்க கேட்டாரு. நாந்தான் லேட்டு."

எழுதுகிறவருக்குப் புரியவில்லை. நாகஜோதிக்குப் புரிந்தது. கையெழுத்துப் போட்டு, ரேகை வைத்து, ரசீதையும் எழுதின காகிதங்களையும் மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு இருவரும் பஸ் ஏறினார்கள். பதினொரு வருஷம் வாயைக் கட்டி வாங்கிய ரெண்டு சென்ட் இடம் இருளாயியின் மடியில் இருந்தது. அவள் அதை ஒரு தடவைகூடத் தடவிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையல்கட்டுக்குப் போய், தானே அரிசி மூட்டையை இழுத்துத் தள்ளினாள்.

பன் மேசையைக் கடந்தபோது திரும்பிப் பார்க்கவில்லை. ராட்டினத்தைக் கடந்தபோதும் இல்லை. இரட்டைச் சடைப் பெண்ணிடம் மட்டும் கால் தயங்கியது. மறுபடி நடந்தாள். சோலைராசு அவளைக் கண்டதும் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள். நாகஜோதி தூணில் சாய்ந்து நின்றாள்.

இருளாயி பையைத் திறந்து காகிதங்களைக் காட்டினாள். கிழக்குப் பார்த்த இடம், பக்கத்திலேயே பைப்பு வருது என்றாள். அவர் வாசிக்கத் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்து, கெட்டிக்காரி என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பிறகு காகிதத்தைப் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இப்பப் போவமா டாக்டர்ட்ட?"

இருளாயியின் உதடு பிரிந்து "அப்" என்கிற வரைக்கும் வந்துவிட்டது. நாகஜோதி தூணை விட்டு ஒரு எட்டு வைத்தாள். இருளாயி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பதினொரு வருஷமாக அவள் வாயில் வராத ஒரு சொல்லைத் தேடி எடுக்க அவளுக்கு அவ்வளவு நேரம் ஆனது.

"இல்லங்க," என்றாள். "கூட்டிட்டுப் போக முடியாது. அன்னைக்கே அது முடிஞ்சு போச்சு. நான் கூட்டிட்டுப் போகல. இனிமேலும் இல்ல."

உள்ளேயிருந்த குரல் நின்றது. சோலைராசு கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நாகஜோதி பிற்பாடு பல தடவை நினைத்தாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல இருளாயி," என்றார். "வேண்டாம் போன்னு சொல்லியிருந்தா, ஒன்ட்ட கோவிச்சுக்கிட்டு நானே போயிருப்பேன்ல. யார்ட்டயாச்சும் கேட்டுச் சீட்டு எழுதியிருப்பேன். அப்புறம்னு சொன்னயா, சரி வருவன்னு இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு அழுதார். மெதுவாகத் தொடங்கி, சத்தம் போட்டு, மூக்கைத் துண்டில் சிந்திக்கொண்டு, சந்தையில் அம்மா கையை விட்ட பிள்ளை மாதிரி அழுதார். ரெண்டு வருஷம் வராமல் எங்கேயோ இருந்துகொண்ட அழுகை எல்லாம் வந்தது. இருளாயி அவர் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதாள். உள்ளேயிருந்து குரல் நாற்பத்து நாலு என்றது. நாற்பத்து மூன்றைக் கூப்பிடவே இல்லை. சோலைராசு எழுந்து, சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, மகளின் தலையைத் தொட்டுவிட்டு, அழுகையை நிறுத்தாமலே தாழ்வாரத்தின் கடைசிவரை நடந்து திரும்பினார். அழுகைச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. பெஞ்சில் அவர் பிடித்து வைத்த இடத்தில் இருளாயி மட்டும், மடியில் ரெண்டு சென்ட் இடத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் சிமெண்டும் செங்கலும் வந்து இறங்கின. வேலையாட்கள் அந்தப் பக்கத்திலிருந்து வரிசை வரிசையாகக் கல் வைத்தார்கள். அவர்களுக்கு அங்கே ஆமணக்குச் செடியும் நாயும் தவிர ஒன்றும் தெரியவில்லை. கல் மேலேற மேலேற ஓட்டை கீழிருந்து அடைபட்டுக்கொண்டு வந்தது. நாகஜோதி அன்றைக்குக் கம்பெனிக்கு லீவு சொல்லியிருந்தாள். லீவுக்குச் சம்பளம் பிடிப்பார்கள். இருளாயி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மகளைப் பார்த்தாள், ஓட்டையைப் பார்த்தாள், மறுபடி மகளைப் பார்த்தாள்.

"அவளுக்கு என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள். யார் என்று நாகஜோதியும் கேட்கவில்லை.

"நீ ஒண்ணும் சொல்லாத. நானே சொல்லிக்கிறேன்."

இனி குனிந்து நுழைய முடியாது. எம்பித் தலையை மட்டும் உள்ளே விட முடிந்தது. ராட்டினம் நின்றுவிட்டிருந்தது. இரட்டைச் சடைப் பெண் பெஞ்சை ஓட்டைக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். நாகஜோதி என்ன சொல்வது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போயிருந்தாள். வீடு கட்டணும், அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, உனக்காக யாரும் வரப்போவதில்லை, நீ எழுந்து போ. நாலு வார்த்தை. அப்பாவுக்கு நடந்தது இவளுக்கும் நடக்கக்கூடாது. இல்லை என்றால் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும். இதை வேலைக்குப் போகிற பஸ்ஸில் ரெண்டு தடவை சொல்லிக்கூடப் பார்த்திருந்தாள்.

இரட்டைச் சடைப் பெண் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். நாகஜோதியை நன்றாகப் பார்த்தாள். கதை கேட்கிற பிள்ளைகள் கேட்கிற மாதிரி, ரொம்ப நாள் கழித்து வந்தவர்களிடம் கேட்கிற மாதிரி, பேனாவை மூடாமலே கேட்டாள்.

"அப்புறம்?"

அந்தப் பக்கம் எதுவும் விழுகிற சத்தம் கேட்கவில்லை; அந்த வார்த்தை இந்தத் தடவை எதையும் தள்ளிப் போடவில்லை, அடுத்தது என்ன என்றுதான் கேட்டது. வேலையாள் கடைசிக் கல்லுக்குச் சாந்து தடவிக்கொண்டிருந்தான். நாகஜோதி தலையை வெளியே எடுத்து, வாயைத் திறந்தபடி, இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.